தாடை சின்னதாக இருக்கும் குழந்தையை ஏன் குப்புறப் படுக்க வைக்கிறார்கள்?

'தாத்தா மாதிரியே மோவாய் உள்ளே போயிருக்கு' என்று பிரசவ வார்டில் சிரித்துப் பேசுவோம். பெரும்பாலும் அது வெறும் ஜாடைதான். ஆனால், மல்லாக்கப் படுக்க வைத்ததும் குறட்டை போல சத்தம் வந்தால், பால் குடிக்கும்போது மூச்சு வாங்கினால், ஜாடை என்று விட்டுவிடக் கூடாது.

இதற்குப் பெயர் 'பியர் ராபின் சீக்வென்ஸ்'. 1923-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. கருவில் கீழ்த்தாடை சரியாக வளராதபோது நாக்கு பின்னால் தள்ளப்படுகிறது. அது வழிவிடாததால் அண்ணமும் சேராமல் பிளவாக நின்றுவிடலாம். பிறந்த பிறகு அதே நாக்கு தொண்டையை அடைக்கிறது. கிரகணத்தன்று அம்மா வெளியே வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!

குப்புறப் படுத்தால் நாக்கு முன்னால் வரும், மூச்சுப்பாதை திறக்கும். பல குழந்தைகளுக்கு இதுவே போதும். ஆனால், டாக்டர் சொல்லி, ஆக்சிஜன் அளவைக் கண்காணித்தபடி செய்ய வேண்டியது இது. மற்ற குழந்தைகள் மல்லாந்து தூங்குவதுதான் பாதுகாப்பு. இது போதாவிட்டால் மூக்கு வழியாக மெல்லிய குழாய். அதற்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை.

அடுத்தது பால். அண்ணத்தில் பிளவு இருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது. தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையிலோ இதற்கான ஸ்பெஷல் பாட்டிலிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்வார்கள். நர்ஸ் முன்னால் நாலு தடவை கொடுத்துப் பழகாமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். ஒரு வேளைப் பாலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனால், குடித்த சத்து அந்த உழைப்பிலேயே போய்விடும், எடை ஏறாது. அப்போது கொஞ்ச நாளைக்கு மூக்கு வழி டியூபில் பால் கொடுப்பார்கள். டியூபைப் பார்த்து அழ வேண்டாம், அக்கா. குழந்தை தெம்பாக வளரத்தான் அது.

பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை: எண்ணெய் தேய்த்து நீவினால் தாடை வளராது. மூக்கில், வாயில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். பல குழந்தைகளுக்குத் தாடை தானாகவே முதல் ஓரிரு வருடங்களில் ஓரளவு வளர்ந்துவிடுகிறது. அதுவரை மூச்சையும் எடையையும் காப்பாற்றுவதுதான் நம் வேலை.

சங்கரன்கோவில் பக்கத்து வீடுகளுக்கு பெரிய ஆஸ்பத்திரி என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட்தான். நெஞ்சுக்குழி உள்வாங்கினாலோ, உதடு நீலமானாலோ 'விடியட்டும்' என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை குழந்தையை மல்லாக்கக் கிடத்தாமல் குப்புறவோ ஒருக்களித்தோ வைத்திருங்கள். அண்ணப்பிளவுக்கு 18 வயது வரை ஆர்.பி.எஸ்.கே திட்டத்தில் இலவச சிகிச்சை உண்டு. உங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் கேளுங்கள். காது டெஸ்ட்டையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். அண்ணப்பிளவு உள்ள குழந்தைகளுக்குக் காதில் அடிக்கடி நீர் கோத்துக்கொள்ளும்.