கணவனுக்கு நிகர்

ரஷ்யப் பேரரசில் பெண்களுக்கென்றே ஒரு வீரவிருது இருந்தது. புனித கேத்தரீன் விருது. சிலுவை, நட்சத்திரம், தோளின் குறுக்கே நாடா எல்லாம் உண்டு. வெறும் பதக்கம் அல்ல அது. பெறுகிறவர் ஓர் அமைப்பின் உறுப்பினராகிறார், விதிகளுக்குக் கட்டுப்படுகிறார். 1714இல் மாமன்னர் பீட்டர் அதை முதன்முதலாகத் தன் மனைவி கேத்தரீனுக்கு அணிவித்தார். 'அந்தக் காலத்திலேயே பெண்ணை எப்படி மதித்திருக்கிறார்கள்' என்று வியப்பவர்களோடு எனக்கு வழக்கு இருக்கிறது.

1711இல் புரூத் ஆற்றங்கரையில் துருக்கியப் படை பீட்டரைச் சுற்றி வளைத்தது. உடனிருந்த கேத்தரீன் தன் நகைகளைக் கழற்றித் துருக்கியத் தளபதிக்குக் கையூட்டாக அனுப்பினார், அதனால்தான் எல்லோரும் உயிர்தப்பினார்கள் என்பது கதை. வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை. ஆனால் விருது அந்த நாட்களின் நினைவாகத்தான் பிறந்தது. 1723இல் மனைவிக்கு முடிசூட்டப்போவதாகப் பீட்டர் வெளியிட்ட அறிக்கை, அன்று அவர் பெண்ணைப் போலன்றி ஆணைப் போல நடந்துகொண்டார் என்று மெச்சுகிறது. பதக்கத்தின் பின்புறம் லத்தீனில் ஒரு வாசகம்: செயலால் இவள் தன் கணவனுக்கு நிகரானவள் என்பது அதன் பொருள். 'கணவன்' என்று நான் தமிழாக்கும் லத்தீன் சொல்லுக்கு இணை, துணை என்றும் பொருளுண்டு. பீட்டரின் கையில் அந்த இணை அளவுகோலாகிவிட்டது. அளக்கப்படுவது எப்போதும் அவள்தான்.

இத்தனைக்கும் இது யாருடைய பெயரில் வழங்கப்பட்டது? பேரரசன் மணக்கக் கேட்டும் மறுத்து, ஐம்பது தத்துவவாதிகளை வாதில் வென்று, தலை வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அலெக்சாந்திரியப் புனிதையின் பெயரில். மணம் மறுத்தவளின் பெயரால் மனைவிமாருக்கு விருது.

விதிகளில் ஒன்றை மட்டும் நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன். ஒவ்வோர் உறுப்பினரும் தன் சொந்தப் பணத்தில் ஒரு கிறித்தவரையாவது 'காட்டுமிராண்டிகளின்' அடிமைத்தளையிலிருந்து மீட்க வேண்டும். விருதைப் பெற்ற கேத்தரீனின் இயற்பெயர் மார்த்தா. எளிய குடியில் பிறந்து, ஒரு பாதிரியார் வீட்டில் வேலை செய்தவர். 1702இல் மரியன்பர்க் வீழ்ந்தபோது ரஷ்யப் படையிடம் சிறைப்பட்டார். தளபதி ஷெரமேத்தெவிடமிருந்து மென்ஷிகோவிடம், அங்கிருந்து பீட்டரிடம் போய்ச் சேர்ந்தார். போரில் கிடைத்த பொருளாக ஆண்களிடையே கைமாறிய அந்தப் பெண்ணை மீட்க எந்த விதியும் இல்லை. சிறைப்பிடித்தவர்கள் கிறித்தவர்கள் அல்லவா! சீமாட்டிகளின் பண்ணைகளில் விற்கவும் வாங்கவும் பட்ட கிறித்தவக் குடியானவப் பெண்களும் அதில் வரவில்லை. அவர்கள் 1861 வரை காத்திருந்தார்கள்.

1797இல் பேரரசர் பவெல் எண்ணிக்கையை வரையறுத்தார். அரச குடும்பத்தார் நீங்கலாகப் பெருஞ்சிலுவை 12 பேருக்கு, சிறுசிலுவை 94 பேருக்கு. அரச குடும்பத்துப் பெண் குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தின்போதே கிடைத்துவிடும். எந்தப் போரிலிருந்து யாரைக் காப்பாற்றியதற்காக என்று கேட்கக் கூடாது. இதில் ஓர் ஆணும் உண்டு, வரலாற்றிலேயே ஒருவன்: மென்ஷிகோவின் மகன், 1727இல், சிறுவனாக இருந்தபோது. தகப்பன் செல்வாக்கின் உச்சியில் இருந்த ஆண்டு அது.

இந்த விருதின் மதிப்பை நன்கு அறிந்தவர் இரண்டாம் கேத்தரீன். 1762இல் கணவனைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்த நாளில் அவர் தோளில் கிடந்தது பேரரசரின் மனைவிக்குரிய இந்த நாடாதான். அதைக் கவனித்தவர் உடனிருந்த தாஷ்கோவா. அப்போது அவருக்கு வயது 19. ஆள்பவர் அணிவது புனித ஆந்திரேயின் நீல நாடா. தாஷ்கோவா ஓடிப்போய்ப் பானின் என்ற பிரபுவின் நீல நாடாவைக் கழற்றி வாங்கிவந்தார். பேரரசி அதைப் போட்டுக்கொண்டு, புனித கேத்தரீனைக் கழற்றித் தாஷ்கோவாவின் கையில் கொடுத்துவிட்டார்.