பிள்ளைக்காகச் செய்ததைத் தாய்க்காகவும் செய்வோம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஒருவர், அதுவும் ஒரு முஸ்லிம், இதைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்பீர்கள். எழுதத்தான் வேண்டும். நாங்கள் வாய் மூடி இருப்பதன் விலையைக் கொடுப்பது வாய் திறக்க முடியாத பெண்கள்.

எச்.ஐ.வி தொற்றாமல் முன்கூட்டியே காக்கும் மருந்து ஒன்று இருக்கிறது. பெயர் பிரெப். டெனோபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த குளிசை. 2012 இல் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. ஆபத்து அதிகமுள்ள எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று 2015 இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இலங்கையிலும் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் ஊடாக இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் மானிப்பாயில் எத்தனை பெண்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

'ஆபத்து அதிகமுள்ள பெண்கள்' என்றதும் எங்கள் மனம் ஒரு தொழிலை மட்டும் நினைக்கும். அந்தத் தொழிலில் இருப்பவர்களும் எங்கள் மண்ணின் பெண்கள்தான். அவர்களோடு வேறு பெண்களும் இருக்கிறார்கள். ஊசியால் போதை ஏற்றுகிறவனின் மனைவி. வெளியில் வேறு உறவு வைத்திருப்பவனின் மனைவி. எச்.ஐ.வி இருந்தும் ஒழுங்காகச் சிகிச்சை எடுக்காதவனின் மனைவி. இவர்கள் என்ன பிழை செய்தார்கள்? ஆணுறை போடச் சொன்னால் "என்னைச் சந்தேகப்படுறியா?" என்று அடி விழும். குளிசை போடுவதற்கு அவனிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஒரு பெண் தன்னைத் தானே காத்துக்கொள்ளக்கூடிய வழி இது. இதன் பெறுமதியே அதுதான்.

ஆனால் குளிசை இருந்தால் மட்டும் போதாது. தென்னாபிரிக்கா, உகண்டா, சிம்பாப்வே நாடுகளில் 5,000 பெண்களோடு நடந்த 'வொய்ஸ்' என்ற ஆய்வின் முடிவு 2013 இல் வந்தது. குளிசை கொடுக்கப்பட்ட பெண்களின் இரத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் மருந்து இருந்தது. பலர் அதைப் போடவே இல்லை. போத்தலைக் கண்டால் கணவன் என்ன நினைப்பான், பக்கத்து வீட்டார் 'இவளுக்கு எயிட்ஸ்' என்பார்களோ என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். மருந்தைத் தோற்கடித்தது வீடும் ஊரும்.

எங்கள் ஊர் இதில் எந்த வகையில் வித்தியாசம்? யாழ் போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. மானிப்பாயிலிருந்து பஸ் ஏறினால் தூரம் பெரிதில்லை. ஆனால் அந்த வாசலில் தெரிந்த முகம் ஒன்று கண்டுவிட்டால் பின்னேரத்துக்குள் கதை ஊருக்கு வந்துவிடும். தொழில் செய்யும் பெண்ணுக்கு பொலிஸ் பயமும் சேர்ந்துகொள்கிறது. வீதியில் அலைபவர்களைப் பிடிப்பதற்காக வெள்ளைக்காரன் 1841 இல் கொண்டுவந்த கட்டளைச் சட்டம்தான் அவர்கள் மீது பாய்ந்து வந்திருக்கிறது.

இதற்கு வழி எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது: தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி, சிபிலிஸ் தொற்றுவதை ஒழித்த நாடு என்று. அது எப்படிச் சாத்தியமானது? கர்ப்பிணி கிளினிக்குக்கு வரும்போது மற்ற இரத்தப் பரிசோதனைகளோடு இதையும் சேர்த்துச் செய்தார்கள். எல்லோருக்கும் செய்ததால் யாருக்கும் வெட்கமில்லை. மிட்வைஃப் மிஸ்ஸி வீட்டுக்கு வருவதை யாரும் கதையாக்குவதும் இல்லை.

அதே வழியால் பிரெப்பும் போகட்டும். குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசும்போது இதையும் ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லட்டும். மருந்தைத் தொடங்குமுன் எச்.ஐ.வி இல்லை என்று பரிசோதிக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். பெண்கள் தினமும் போட வேண்டும், முழுப் பாதுகாப்புக்கு முதல் ஏழு நாள் தேவை. மற்றப் பாலியல் நோய்களையும் கர்ப்பத்தையும் இது தடுக்காது. இவ்வளவையும் வைத்தியரின் மேற்பார்வையில் எம்.ஓ.எச். பணிமனை கிளினிக்கிலேயே செய்ய ஏற்பாடு பண்ணலாம்.

"இது ஹராமுக்கு வழி திறக்காதா?" என்று எங்கள் பக்கத்தில் ஒரு கேள்வி வரும். மற்றச் சமயத்தாரும் வேறு சொற்களில் இதையேதான் கேட்பார்கள். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. கணவனின் பாவத்துக்கு மனைவி நோய் சுமக்க வேண்டும் என்று எந்த மார்க்கமும் சொல்லவில்லை. தொழிலில் இருப்பவளையும் அல்லாஹ் விசாரிப்பான், எங்களையும் விசாரிப்பான். மருந்து கொடுக்கும் இடத்தில் தீர்ப்புச் சொல்லும் வேலை எங்களுக்கு இல்லை.

இன்னும் நல்ல மருந்தும் வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, பெயர் லெனகாபவிர். தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் இதைப் போட்ட 2,134 இளம் பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை என்று 2024 இல் முடிவு வந்தது. ஒளித்து வைக்கப் போத்தல் தேவையில்லை. அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டொலருக்கு மேல் விலை. இந்தியக் கம்பனிகள் 2027 முதல் வறிய, நடுத்தர வருமான நாடுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டொலருக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கின்றன. அந்த ஊசி எங்கள் கிளினிக்குகளுக்கும் வர வேண்டும் என்று இப்போதே கேட்போம்.

கடைசியாக ஒன்று. தமிழில் மருத்துவம் படிப்பித்த ஊர் மானிப்பாய். டொக்டர் சாமுவேல் கிறீன் இங்கே இருந்துதான் பிரசவ வைத்திய நூல் உட்படப் பல நூல்களைத் தமிழாக்கினார். நூற்றைம்பது வருடம் கழித்து, இந்தக் குளிசை பற்றி ஒரு பக்கத் தமிழ்த் துண்டுப்பிரசுரம் ஒவ்வொரு தாய் சேய் கிளினிக்கிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசையா? மாதர் சங்கங்கள், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் நிர்வாகங்கள் சேர்ந்து எம்.ஓ.எச். ஐயாவிடம் ஒரு கடிதம் கொடுப்போம். எழுதித் தர நான் தயார்.

பகிருங்கள். கருத்தில் யாருடைய பெயரையும் குடும்பத்தையும் இழுக்க வேண்டாம். யாருக்குத் தேவையோ அவர் சத்தமில்லாமல் வாசித்துக்கொள்வார்.