திருத்தியும் திருந்தாத பக்கம்

கங்கைகொண்ட சோழபுரம் எந்த மாவட்டத்தில் உள்ளது? எங்கள் குழுவின் தளத்தில் நெடுங்காலமாகப் பெரம்பலூர் மாவட்டம் என்றே இருந்தது. எழுதிய 2005-ல் அது பிழையன்று. 2001-ல் பிறந்த அரியலூர் மாவட்டம் அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில்தான் மறுபடியும் தனி மாவட்டமானது.

சென்ற ஆண்டு ஒரு மாணவி இதைச் சுட்டிக்காட்டினார். கோப்பைத் திருத்தி வழங்கியில் ஏற்றும்படி தளத்தைப் பார்த்துக்கொள்ளும் மாணவரிடம் சொன்னோம். ஏற்றினார், பக்கம் மாறவில்லை. உலாவியின் சேமிப்பைத் துடைத்தோம். வேறு கணினியிலும் கைப்பேசியிலும் பார்த்தோம். பெரம்பலூரே! 'பழைய கோப்பையே ஏற்றியிருக்கிறாய்' என்று கடிந்துகொண்டு மும்முறை ஏற்ற வைத்தோம். அவர் வாதாடவில்லை. வழங்கியில் கிடந்த கோப்பைத் திறந்து காட்டினார். அதில் அரியலூர் என்றே இருந்தது.

பிஎச்பி நிரலை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படித்து, இயங்கத்தக்க கட்டளைகளாக மாற்றுவது வீண் வேலை. எனவே மாற்றிய வடிவத்தை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஆப்கேஷ், 2013-ல் வந்த 5.5 பதிப்பு முதல் பிஎச்பியுடன் சேர்ந்தே வருகிறது. கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை இரண்டு நொடி இடைவெளியில் சரிபார்ப்பது அதன் இயல்பு. எங்கள் வழங்கியிலோ 'வேலிடேட் டைம்ஸ்டாம்ப்ஸ்' என்னும் அந்தச் சரிபார்ப்பை யாரோ அணைத்திருந்தார்கள். மனப்பாடம் செய்தவன் திருத்திய பதிப்பைத் திறவாமலே பழைய பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தான்!

கட்டளைத் திரையிலிருந்து ஆப்கேஷைத் துடைத்தும் பயனில்லை. அங்கே ஓடும் பிஎச்பிக்கு நினைவகம் வேறு, தளத்தை இயக்கும் பிஎச்பிக்கு வேறு. இதை அறிய ஓர் இரவு கழிந்தது. பிஎச்பி-எஃப்பிஎம்மை மீளத் தொடங்கியதும் அரியலூர் வந்துவிட்டது.

சரிபார்ப்பை அணைப்பதே குற்றம் என்று நாங்கள் கூறவில்லை. நிரல் முழுவதையும் ஒருசேர வெளியிட்டு, உடனே நினைவகத்தையும் புதுப்பிக்கும் பெருந்தளங்களுக்கு அது பொருந்தும். பலர் அவ்வப்போது ஒரு சொல்லைத் திருத்தும் சிறு தளத்தில், கோப்பின் நேரத்தைப் பார்க்கும் அற்பச் செலவை மிச்சம் பிடித்து என்ன கண்டோம்? ஆப்கேஷையே அணைத்துவிடலாம் என்றார் நண்பர் ஒருவர். அது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. சரிபார்ப்பு மட்டும் இருந்தால் போதும். அணைத்தவர் கோப்பு ஏற்றுவோரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மாணவரிடம் வருத்தம் தெரிவித்தோம். "பரவாயில்லைங்க ஐயா. எனக்குப் பெரம்பலூர்தான் சொந்த ஊர். இன்னும் நாலு நாள் அப்படியே இருந்திருந்தாலும் எனக்கு நட்டமில்லை" என்றார்.