ஓடினால் படிப்பு கெடுமா?

"ஓடி என்னங்க சார் ஆகப்போவுது? படிப்புதான் கெட்டுப்போகும்." ரவாங்கில் என் மாணவி ஒருத்தியின் தாயார் இப்படிச் சொல்லி, வட்டாரப் போட்டிக்கான அனுமதித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவரிடம் ஈப்போ ஷெரின் சாம்சன் வல்லபாயைப் பற்றிச் சொன்னேன். பெற்றோர் இருவருமே நாட்டுக்காக ஓடியவர்கள். ஷெரின் ஓட்டத்தை விடாமலேயே அமெரிக்கா சென்று, வினோனா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே மாணவியாக இருந்தபோதே, 2023இல், 400 மீட்டர் ஓட்டத்தில் தேசியச் சாதனையை முறியடித்தார். அது ராபியா அப்துல் சலாம் 1993இல் படைத்தது. 30 ஆண்டு நிலைத்து நின்றது!

தாய்மார்களே, மாலையில் ஒரு மணி நேரம் திடல், இரவில் பாடம். இரண்டுக்கும் இடமுண்டு. பெண் பிள்ளையின் காலைக் கட்டிப்போடுவதால் மட்டும் படிப்பு வந்துவிடாது.

அந்தத் தாயார் இன்னும் கையெழுத்திடவில்லை. பெயர்ப் பட்டியலில் அந்தப் பிள்ளைக்கு ஓரிடம் வைத்திருக்கிறேன்.