இடித்தது கட்டடத்தை மட்டும்தானா?



"ஒரு மைதானத்தை இடிச்சதுக்கு அறுபது வருஷமாவா புலம்புவாங்க?" என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதிவு.

நியூயார்க்கின் புரூக்ளினில் எபட்ஸ் ஃபீல்டு என்றொரு பேஸ்பால் மைதானம் இருந்தது. 1913இல் திறந்தார்கள். வீடுகளுக்கு நடுவே, அக்கம்பக்கத்தார் நடந்தே போய் ஆட்டம் பார்த்த இடம்.

1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் களமிறங்கியது அங்கேதான். கறுப்பினத்தவருக்குப் பல பத்தாண்டுகள் மூடிக்கிடந்த மேஜர் லீக் கதவு அன்றைக்குத் திறந்தது.

1955இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. ரெண்டே வருஷம்! புது ஸ்டேடியத்தை எங்கே கட்டுவது என்பதில் உரிமையாளருக்கும் நகரத்துக்கும் ஒத்துப்போகவில்லை. 1957 சீசனோடு அணி லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டது. 1960இல் மைதானத்தை இடித்தார்கள். இடிக்கிற இரும்புக் குண்டுக்கு பேஸ்பால் மாதிரியே பெயின்ட் அடித்திருந்தார்கள். அங்கே அடுக்குமாடி வந்தது. கூடவே "பந்து விளையாடக் கூடாது" என்ற போர்டும் வந்தது.

சரி, டாக்டருக்கு இதில் என்ன வேலை?

"நாஸ்டால்ஜியா" என்ற சொல்லே மருத்துவம் தந்ததுதான். 1688இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்தில் வாடியவர்களின் நோய்க்கு வைத்த பெயர் அது. இன்று அதை நாம் நோயாகப் பார்ப்பதில்லை. ஆனால் வலி நிஜம்.

அமெரிக்க மனநல மருத்துவர் மிண்டி ஃபுல்லிலவ், வாழ்ந்த பகுதி அழிக்கப்படும்போது மக்களுக்கு ஏற்படும் பாதிப்பை "வேர் அதிர்ச்சி" என்கிறார். செடியை வேரோடு பிடுங்கினால் வாடுமே, அது போல.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கு.

டாட்ஜர்ஸ் போன ஊரில் 1962இல் திறந்த புது ஸ்டேடியம், சாவேஸ் ரவீன் என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே பல தலைமுறையாக மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்தன. அரசுக் குடியிருப்பு கட்டப்போகிறோம் என்று சொல்லித்தான் அவர்களைக் காலி செய்ய வைத்தார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கடைசியாக இருந்தவர்களை 1959இல் போலீஸ் வெளியேற்றியது.

மைதானத்தை இழந்தவர்களின் ஏக்கம் புத்தகமாகிறது. வீட்டை இழந்தவர்களின் ஏக்கம் அந்த அளவுக்குக் காதில் விழுவதில்லை.

என் கருத்து இதுதான். ஒரு இடத்தை இடிக்கும் முன் நிலத்தின் விலையை மட்டும் கணக்குப் போடாதீர்கள். அங்கே யார் யாரைச் சந்திக்கிறார்கள், யார் நடந்து வருகிறார்கள் என்றும் கேளுங்கள்.

பழைய இடத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசினால் "அதான் போயிடுச்சே" என்று வாயை அடைக்காதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். அதுவும் வைத்தியம்தான்.