நகரம் வேறு, கிராமம் வேறு என்பது யாருக்கு லாபம்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லாவைப் புரட்டிப் போட்ட மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை புரண்டது. கோரம்பள்ளம் குளம் உடைத்துக்கொண்டது. வயலும் வாழையும் மூழ்கின. உப்பளத்தில் குவித்திருந்த உப்பு கரைந்தது. நகரத்துத் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது.

அந்த வெள்ளம் பஞ்சாயத்து எல்லையைப் பார்த்து நின்றதா? மாநகராட்சி எல்லைக் கல்லைக் கண்டு திரும்பிப் போனதா? இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடியது. பள்ளத்தில் இருந்தவன் ஏழை. ஆகவே ஏழையின் வீட்டுக்குள் முதலில் புகுந்தது.

தண்ணீருக்குத் தெரிந்த இந்த உண்மை சர்க்காருக்கு மட்டும் தெரியவில்லை. தெரியவில்லையா, தெரியாதது போல் நடிக்கிறதா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

துண்டு போட்ட பூமி

தூத்துக்குடிப் பக்கத்து நிலத்துக்கு எத்தனை எஜமானர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தெருவும் சாக்கடையும் மாநகராட்சிக்கு. வெளியே உள்ள ஊர்கள் பஞ்சாயத்துகளுக்கு. குளமும் காலும் நீர்வளத் துறைக்கு. ஆலைகள் நிற்கும் பூமி சிப்காட்டுக்கு. 1974ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட துறைமுகமும் அதன் நிலமும் டில்லி சர்க்காருக்கு. கடலில் உள்ள தீவுகள் வனத்துறைக்கு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை.

இத்தனை எஜமானர்கள். ஆனால் ஆறு ஒன்று, கடல் ஒன்று. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுதான் தாமிரபரணியின் கடைசி அணை. அதன் வடகால் தண்ணீர்தான் கோரம்பள்ளம் குளத்துக்கு வருகிறது. அந்தக் குளத்தை நம்பித்தான் அத்திமரப்பட்டியில் நெல்லும் வாழையும். அதே ஆற்றில் வல்லநாட்டில் எடுக்கும் தண்ணீர்தான் நகரத்துத் தொழிலாளியின் குழாயில் வருகிறது. அதே ஆற்றிலிருந்து ஆலைகளுக்கென்று நாளொன்றுக்கு 2 கோடி காலன் எடுக்கும் திட்டத்தையும் போட்டார்கள். வயல் காய்ந்த விவசாயி பசுமைத் தீர்ப்பாயத்தின் வாசல் வரை போய் நியாயம் கேட்க வேண்டியதாயிற்று.

நகரத்தின் கழிவு பக்கிள் ஓடை வழியாகக் கடலில் விழுகிறது. அங்கே வலை வீசுகிறவன் யார்? நகரத்து மீனவன் மட்டுமல்ல, கரையோரக் கிராமத்து மீனவனும்தான். இந்தக் கடலில்தான் 1955 முதல் 1961 வரை வருஷந்தோறும் முத்துக்குளிப்பு நடந்தது. 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு இல்லை. அந்த நாளிலும் மூச்சடக்கி மூழ்கி எடுத்தவனுக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. கரையில் உட்கார்ந்திருந்த சர்க்காருக்கு இரண்டு பங்கு. எந்தப் பாரில், எப்போது குளிப்பது என்பதில் மூழ்குகிறவனுக்கு வாய் கிடையாது. இன்று கரையில் எந்த ஆலை, எந்தத் தோணித்துறை, எந்தச் சாம்பல் குட்டை என்பதிலும் அவனுக்கு வாய் கிடையாது!

சட்டம் என்ன சொல்கிறது?

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. நாட்டின் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது.

1993ல் அமலுக்கு வந்த 73வது, 74வது திருத்தங்கள் பஞ்சாயத்துக்கும் நகரசபைக்கும் அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்தன. அதோடு 243 இசட்டி என்ற ஷரத்து ஒவ்வொரு ஜில்லாவிலும் ஒரு திட்டக் கமிட்டி வேண்டும் என்று சொல்கிறது. மாவட்டத் திட்டக் குழு என்பது அதன் பெயர். அதன் வேலை என்ன? பஞ்சாயத்துகள் போடும் திட்டத்தையும் நகரசபைகள் போடும் திட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஜில்லா முழுவதற்கும் ஒரே நகல் திட்டம் தயாரிப்பது. எந்த நிலம் எதற்கு, தண்ணீரை எப்படிப் பங்கிடுவது, சாலையும் வடிகாலும் எங்கே, சுற்றுப்புறத்தை எப்படிக் காப்பது என்பதெல்லாம் நகரமும் கிராமமும் கலந்து முடிவு செய்ய வேண்டிய பொது விஷயங்கள் என்று அந்த ஷரத்து எழுதி வைத்திருக்கிறது.

அந்தக் கமிட்டியில் ஐந்தில் நான்கு பங்கு மெம்பர்கள், மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயித்த ஜில்லா பஞ்சாயத்து, நகரசபை மெம்பர்களிலிருந்து அவர்களே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். கிராமத்து ஜனத்தொகைக்கும் நகரத்து ஜனத்தொகைக்கும் ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். ஆபீசர் ராஜ்யம் அல்ல, மக்களின் சபை!

நாற்காலி காலி!

இந்தக் கமிட்டி தூத்துக்குடியில் எப்படி வாழ்ந்தது? கணக்கைப் பாருங்கள்.

2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. கிராமங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல். மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல். 2023 ஜூனில் திட்டக் கமிட்டிக்குத் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5ஆம் தேதி கிராமப் பஞ்சாயத்துகளின் காலம் மறுபடி முடிந்தது. மறுபடி தேர்தல் இல்லை, தனி அலுவலர்கள்! கிராமத்து மெம்பர்கள் போனார்கள். கமிட்டிக்குத் தலைவராக இருக்க வேண்டிய ஜில்லா பஞ்சாயத்துத் தலைவரும் போனார்.

கூட்டிப் பார்த்தால், 2016 அக்டோபரிலிருந்து 2025 ஜனவரி வரை எட்டு வருஷத்துக்கு மேல். அதில் நகரம், கிராமம் என்ற இரண்டு காலையும் ஊன்றி இந்தக் கமிட்டி நின்றது சுமார் ஒன்றரை வருஷம்! காலம் முடியுமுன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அதே அரசியல் சட்டம் கட்டளையிடுகிறது. கட்டளை ஏட்டுச் சுரைக்காயாகி விட்டது.

ஆனால் நிலத்தைக் கையகப்படுத்தும் வேலை ஒரு நாளாவது நின்றதா? ஆலைகளுக்கென்று நிலம் எடுக்க 1997லேயே தனிச் சட்டம் போட்டாயிற்று. 2023 ஏப்ரலில் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம் என்றால், நடுவில் ஓடையோ குளமோ வாய்க்காலோ இருந்தாலும் சேர்த்து ஒரே நிலமாக்கிக் கொடுக்க வழி செய்யும் சட்டம் அது. குளத்து நிலத்தை ஒருங்கிணைக்கச் சட்டம். மக்கள் சபைகளை ஒருங்கிணைக்க அவகாசமே இல்லை! இது மறதியா? யாருக்காக இந்த மறதி?

2018 சொல்லும் பாடம்

மக்களுக்குச் சபை இல்லாவிட்டால் என்ன நடக்கும்? 2018 மே 22 அதைக் காட்டியது.

மீளவிட்டான் சிப்காட்டில் 1990களில் தாமிர உருக்காலை வந்தது. 2013ல் சுப்ரீம் கோர்ட் 100 கோடி ரூபாய் கட்டும்படி உத்தரவிட்டது. அப்படியும் விஸ்தரிப்பு என்றார்கள். 2018ல் குமரெட்டியாபுரம் கிராமத்து மக்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நகரத்து மக்களும் மீனவர்களும் வியாபாரிகளும் சேர்ந்தார்கள். நூறாவது நாள் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள்.

ஏன் கலெக்டர் ஆபீசுக்கு? அன்று தூத்துக்குடியில் மேயர் இல்லை. கவுன்சிலர் இல்லை. பஞ்சாயத்துத் தலைவர் இல்லை. திட்டக் கமிட்டி இல்லை. போய் முறையிட வேறு வாசல் இல்லை. அந்த வாசலில் கிடைத்த பதில் துப்பாக்கிக் குண்டு. 13 உயிர்கள் போயின. அதன் பிறகுதான் ஆலையை மூட உத்தரவு வந்தது. 2020ல் ஹைகோர்ட்டும் 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் மூடியது சரி என்றன.

இதில் ஆலைத் தொழிலாளி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தப்பான இடத்தில், மக்களைக் கேளாமல் ஆலை வைத்தால் கடைசியில் நஷ்டம் யாருக்கு? கம்பெனிக்கு வேறு ஊர் உண்டு, வேறு தொழில் உண்டு. வேலை போன கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு என்ன உண்டு? நாம் ஆலைக்கு விரோதிகள் அல்ல. 1908ல் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் முன்னே நிறுத்தி வேலைநிறுத்தம் செய்து ஜெயித்த ஊர் இது. ஆலை வேண்டும், ஊரைக் கேட்டு, இடம் பார்த்து வைத்த ஆலை வேண்டும். அதுதான் நிலைக்கும்.

மழுப்பலும் பதிலும்

“கிராமத்தை எல்லாம் மாநகராட்சியில் சேர்த்து விட்டால் ஒரே நிர்வாகம் ஆகிவிடுமே!” என்கிறார்கள் சிலர். 2008ல் தூத்துக்குடி மாநகராட்சியானது. அதன் பிறகு மீளவிட்டான், அத்திமரப்பட்டி, முத்தையாபுரம், சங்கரப்பேரி முதலான பஞ்சாயத்துகள் அதோடு சேர்க்கப்பட்டன. அதனால் 2023ல் வெள்ளம் குறைந்ததா? விழுங்குவது வேறு, கூடி உட்காருவது வேறு. ஊர் நகரத்தோடு சேர்ந்தால் கிராமசபை போகிறது. கிராமத்துக்கென்று உள்ள வேலை உறுதித் திட்டம் போகிறது. வரி மட்டும் கூடுகிறது. விவசாயத் தொழிலாளி நடுத்தெருவில் நிற்கிறான்.

“பஞ்சாயத்து மெம்பருக்குத் திட்டம் போடத் தெரியுமா?” என்று ஏளனம் செய்கிறார்கள் வேறு சிலர். கேரளத்தில் 1996 முதல் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, ஊர் மக்களே திட்டம் போட்டார்கள். 2003ல் பெருமாட்டிப் பஞ்சாயத்து, பிளாச்சிமடையில் நிலத்தடி நீரை உறிஞ்சிய கோகோ கோலா ஆலைக்கு லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டேன் என்றது. உலகக் கம்பெனிக்கு முன் ஒரு சிறிய பஞ்சாயத்து தலைநிமிர்ந்து நின்றது! இன்ஜினீயர் கணக்குச் சொல்லட்டும். விஞ்ஞானி ஆலோசனை சொல்லட்டும். குளம் எந்தப் பக்கம் உடையும் என்று அந்தக் குளத்தின் கீழ் நாற்று நடும் பெண்ணுக்குத் தெரியும்.

நமது கோரிக்கைகள்

1. உள்ளாட்சித் தேர்தல் காலம் முடியுமுன்பே நடக்க வேண்டும். தனி அலுவலர் ஆட்சி இனி ஒரு முறையும் கூடாது.

2. ஜில்லா திட்டக் கமிட்டி ஒப்புக்கொள்ளாமல் நிலத்தின் உபயோகத்தை மாற்றக் கூடாது. ஆலைக்கு இடம் ஒதுக்கக் கூடாது. சிப்காட்டும் துறைமுகமும் அனல் மின் நிலையமும் தங்கள் நிலத் திட்டத்தை அந்தக் கமிட்டி முன் வைக்க வேண்டும்.

3. மீனவர், உப்பளத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு அங்கே இடம் வேண்டும்.

4. தாமிரபரணித் தண்ணீர் முதலில் குடிப்பதற்கு, அடுத்து பயிருக்கு. ஆலைக்குச் சுத்திகரித்த கழிவுநீரும் கடல் நீரும்.

5. கோரம்பள்ளம் முதல் கடல் வரை ஒரே வடிகால் திட்டம் வேண்டும்.

6. கிராமசபை சம்மதம் இல்லாமல் எந்தப் பஞ்சாயத்தையும் நகரத்தோடு சேர்க்கக் கூடாது. நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை ரத்துச் செய்ய வேண்டும்.

தோழர்களே! மில் தொழிலாளியின் குழாய்த் தண்ணீரும் வயல் கூலியின் வாய்க்கால் தண்ணீரும் ஒரே ஆற்றுத் தண்ணீர். இருவரையும் பிரித்து வைத்தால்தான் நிலத்தைத் துண்டு துண்டாக விற்க முடியும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கை 2018லேயே குமரெட்டியாபுரமும் திரேஸ்புரமும் கைகோத்துத் தப்பாக்கிக் காட்டின. தெருவில் சேர்ந்த மக்கள் திட்டம் போடும் சபையிலும் சேர வேண்டும். சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். வார்டு கவுன்சிலரைக் கேளுங்கள். கேட்காமல் எந்த நாற்காலியும் நமக்குக் கிடைத்ததில்லை!