கம்பி நீட்டிய வீடுகள்

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊருக்கு ஊர் ஒரே காட்சிதான். வெளியே பூசாத செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், தளத்தின் மூலைகளில் வானத்தைப் பார்த்து நிற்கும் துருப்பிடித்த கம்பிகள். சில வீடுகளில் கம்பி முனைகளில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் பழைய ஹெல்மெட்டைப் பார்த்தேன். பின்னால் மாடி எடுக்கும்போது தூணை மேலே வளர்க்க அந்தக் கம்பி வேண்டும். மாடி எப்போது என்று கேட்டால் சிரிப்பார்கள்.

ஊர்ப்பேச்சில் 'கம்பி நீட்டிவிட்டான்' என்றால் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான் என்று பொருள். மாடியில் குடியிருக்க வேண்டிய பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பதை நினைத்தால் பொருத்தமான பேச்சுதான். ஆனால் இந்த வீடுகளைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. அவற்றின் அடியில் கிடக்கும் மனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை விட்டுவிட்டு மேலே தெரியும் சிமென்ட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நகரத்திலிருந்து வருகிறவர்களின் பழக்கமாகிவிட்டது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்கிற பழமொழியைக் கூரை வீட்டுக்காரர் யாரும் உண்டாக்கியிருக்க மாட்டார். அது கொத்தனாருக்குக் கூலி கொடுத்துக் கட்டியவரின் புலம்பல். எங்கள் பாட்டி வீட்டுச் சுவர் எழும்பியதற்கு யாரும் கடன் வாங்கவில்லை. தையில் சம்பா அறுப்பு முடியும். மாசி, பங்குனியில் கொல்லைக் குட்டை வற்றும். அடியில் கிடக்கும் களிமண்ணை வெட்டி மேட்டில் போட்டு, தண்ணீர் விட்டு, ராத்திரி முழுக்க ஊற வைப்பார்கள். காலையில் வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு நாலைந்து பேர் சேர்ந்து மிதிப்பார்கள். உருண்டை பிடித்துக் கை மாற்றிக் கை மாற்றி அடுக்கி, ஒரு நாளைக்கு ஒரு முழம் உயரம்தான் எழுப்புவார்கள். ஆசைப்பட்டு இன்னொரு முழம் வைத்தால் ஈரச் சுவர் வயிறு தள்ளிவிடும். அந்தப் படை காய்ந்த பிறகு அடுத்த படை. ஐந்தாறு படையில் சுவர் முடிந்துவிடும். மேலே வைரம் பாய்ந்த பனையிலிருந்து அறுத்த பனங்கை, குறுக்கே மூங்கில், அதன்மேல் பெண்கள் முடைந்த கீற்று.

அந்த வீட்டைக் கட்டத் தெரிந்தவர் என்று தனியாக ஒருவர் இருந்ததில்லை. தெருவில் எல்லோருக்கும் பாதி தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரின் கால் கரையும். பொங்கலுக்கு முன்னால் பாட்டி சாணியும் மண்ணும் குழைத்து அந்தக் காலைத் தானே பூசிவிடுவாள். கூரைக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கீற்று மாற்ற வேண்டும். வயலைப் போலவே வீடும் வருஷந்தோறும் கையை எதிர்பார்த்தது.

இதைச் சொல்லும்போது குரலில் ஏக்கம் ஏறிவிடுவது எனக்கே தெரிகிறது. அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கீற்றில் தேளும் பாம்பும் இருந்தன. கீற்று தீப்பிடிக்கும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் எழுந்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூரை வீட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அதை விரும்பி எடுத்துக்கொண்டவர்கள் அல்லர்.

தமிழ்நாட்டில் வீடு என்பது வெகு காலமாகவே இரண்டு வழியில் வந்திருக்கிறது. நெடுநல்வாடையில் நட்ட கோலின் நிழலைப் பார்த்து, நூல் பிடித்து, அரண்மனைக்கு மனை வகுக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசையை ஈச்ச இலை வேய்ந்திருக்கிறது. கீழடியில் 2015-லிருந்து தோண்டியதில் கிடைத்த அகலச் செங்கல்லும் துளையிட்ட கூரை ஓடும் நூல் பிடித்த வழியைச் சேர்ந்தவை. கைப்பிடி மண்ணில் எழுந்த மற்ற வழி மண்ணோடு போய்விட்டது. தோண்டுகிறவர்களுக்கு அதில் கிடைப்பது கம்பம் நட்ட குழிதான். செட்டிநாட்டு மாளிகையின் சுண்ணாம்புப் பூச்சையும் பர்மா தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பற்றி நம்மிடம் புத்தகங்கள் இருக்கின்றன. சுண்ணாம்பைச் செக்கில் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்த பக்குவத்தைச் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறார்கள். பாட்டி குழைத்த மண்ணுக்கு அப்படிப் பக்குவம் எழுதி வைத்தவர் இல்லை.

டெல்டாவில் இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில் கிடந்தது பணம் மட்டும் அல்ல, மனை. பண்ணையில் உழைத்தவர்களின் குடிசை மிராசுதாரின் நிலத்து ஓரத்தில் இருந்தது. கூலியில் அரைப்படி கூடக் கேட்டால், எதிர்த்துப் பேசினால், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால், மனையைக் காலி செய் என்று சொல்லிவிடலாம். செங்கல்பட்டில் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் எழுதிய குறிப்பு இதை அரசின் காதில் போட்டது. சேரியில் இருப்பவர்களுக்குத் தாங்கள் படுத்து எழும் இடம்கூடச் சொந்தமில்லை என்பதும் அவர்களைக் கட்டிப் போடும் கயிறு அதுதான் என்பதும் அதில் இருந்தன. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அந்தக் குறிப்பின் தொடர்ச்சியாக வந்தது.

நாளைக்குக் கிளம்பு என்றால் கிளம்ப வேண்டியவன் எதற்குக் கடைக்கால் தோண்டுவான்? ஏழைகள் குடிசையில் இருந்ததற்கு வறுமையைக் காரணம் சொல்வது பாதி உண்மை. செங்கல் சுவர் என்பது இந்த இடத்தில்தான் இருக்கப்போகிறேன் என்கிற அறிவிப்பு. அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்ததும் ஒரு குடிசைக்குள்தான். கூலித் தகராறு என்றுதான் அதை எழுதுகிறோம், சரிதான். ஆனால் உயிருக்குப் பயந்து ஓடியவர்களுக்கு ஒளிய ஒரு கல் சுவர்கூட அந்தத் தெருவில் இல்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது. குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்று 1961-லேயே ஒரு சட்டம் வந்திருந்தது. குடியிருப்பு மனையை அவருக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971-ல் வந்தது. வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சையில் நிலத்துக்காகப் பாடுபட்ட கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி, 1981-ல் தொடங்கிய லாப்டி இயக்கத்தில் வயலோடு நிறுத்தாமல் மண் குடிசைக்குப் பதில் செங்கல் வீடு என்பதையும் கையில் எடுத்தார்கள். பேருந்து ஜன்னலில் நான் பார்த்த வீடுகளுக்கு உண்மையான அஸ்திவாரம் அந்த 1971-ஆம் ஆண்டுச் சட்டம் என்பேன்.

மனை வந்த காலத்தில் பொருளும் மாறிக்கொண்டிருந்தது. முதலில் மாறியது ஓடு. குயவர் சக்கரத்தில் குழாய் போல வனைந்து, ஈரத்திலேயே இரண்டாகப் பிளந்து சூளையில் வைத்ததுதான் நாட்டு ஓடு. 1865-ல் மங்களூரில் பேசல் மிஷன்காரர்கள் தொடங்கிய ஆலையிலிருந்து ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொள்ளும் தட்டையான ஓடு வந்தது. நம் ஊரில் அதற்குச் சீமை ஓடு என்று பெயர். அது வந்த ஊர்களில் குயவருக்குச் சட்டி பானை மட்டும்தான் மிஞ்சியது. அப்புறம் பிளாஸ்டிக் குடம் வந்தது, அது வேறு கதை.

சிமென்ட் வந்த கதை சுவாரசியமானது. 1904-ல் சென்னை வண்ணாரப்பேட்டையில் கடல் சிப்பியைச் சுட்டு சிமென்ட் செய்து பார்த்தார்கள். நிலைக்கவில்லை. மதுக்கரை 1934-லும், டால்மியாபுரம் 1939-லும், நெல்லைக்குப் பக்கத்தில் சங்கர் நகர் 1949-லும் வந்தன. ஆலைகள் வந்தாலும் கிராமத்தானுக்கு மூட்டை வரவில்லை. விலைக்கும் ஒதுக்கீட்டுக்கும் கட்டுப்பாடு இருந்த காலத்தில் பத்து மூட்டைக்கு பர்மிட் வாங்க எத்தனை நடை நடந்தார் என்பதை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தட்டுப்பாட்டின் கனம் புரிய ஒரு செய்தி போதும். சிமென்ட் ஒதுக்கீட்டுக்கு ஈடாக அறக்கட்டளைக்கு நன்கொடை பெற்றதாக எழுந்த வழக்கின் தீர்ப்பால் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே 1982 ஜனவரியில் பதவி விலகினார். அடுத்த மாதமே கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. 1989-ல் முழுவதும் போனது. பிறகு உரக்கடையிலேயே சிமென்ட் மூட்டையும் அடுக்கி வைத்தார்கள்.

அரசு வீடுகளும் இந்தக் காலத்தில்தான் வந்தன. இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985, கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 2010, பசுமை வீடு 2011, பிரதமர் பெயரிலான ஊரகத் திட்டம் 2016. பெயர் மாறும், சுவரில் பூசும் நிறம் மாறும். 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம் ரூபாய். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது கணக்கு. வீட்டைப் பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும். அரசு கொடுப்பது விதைநெல் மாதிரி. மிச்சத்துக்கு மகளிர் குழுக் கடன், தோடு அடகு, மைத்துனர் கைமாற்று. பணம் தீர்கிற இடத்தில் வேலை நிற்கும். பெரும்பாலும் அது வெளிப்பூச்சுக்குச் சற்று முன்னால் தீர்ந்துவிடும். சுவர்கள் சிவப்பாகவே நிற்பதன் ரகசியம் அவ்வளவுதான்.

தளம் போடும் நாள் மட்டும் பழைய மண் மிதிப்பின் சாயல் கொஞ்சம் இருக்கும். விடியற்காலையில் கலவை மெஷின் வந்து நிற்கும். ஜல்லி, மணல், சிமென்ட், தண்ணீர். சாரத்துச் சரிவில் சித்தாள் பெண்கள் படிக்கு ஒருத்தியாக நின்று சட்டியைக் கை மாற்றுவார்கள். சும்மாடு நனைந்து நெற்றியில் சாம்பல் தண்ணீர் வழியும். பாதியில் நிறுத்தினால் இணைப்பு விட்டுப்போய் ஒழுகும் என்பதால் மேஸ்திரி யாரையும் உட்கார விடமாட்டார். மத்தியானம் வீட்டுக்காரர் செலவில் பிரியாணி. அடுத்த நாள் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினால் பார்க்க நாற்றங்கால் போலவே இருக்கும். ஆனால் இந்த வேலையில் வீட்டுக்காரருக்குப் பங்கு இல்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று, மூட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

சித்திரை வெயிலில் அந்தத் தளத்துக்கு அடியில் படுக்க முடியாது. அதனால் வீட்டுக்கு முன்னால் ஒரு கீற்றுக் கொட்டகை எழும்பும். அரிசி மூட்டை, பீரோ, டிவி எல்லாம் கான்கிரீட்டுக்குள். மனிதர்கள் கீற்றுக்கு அடியில். கூரை வீடு வாசலுக்கு வந்துவிட்டது என்று நான் சிரித்ததுண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அந்தச் சிரிப்பை நிறுத்தியது. கொட்டகைகள் பறந்தன, தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. அந்த இரவில் தெருவே ஏதாவது ஒரு தளம் போட்ட வீட்டுக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சிமென்ட்டுக்கு மாற்று தேடியவர்களும் உண்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லை மிச்சம் பிடித்தார். தளத்துக்குள்ளேயே ஓட்டைப் புதைத்து சிமென்ட்டைக் குறைத்தார். ஆரோவில்லில் மண்ணை அழுத்திக் கல்லாக்கி வளைவுக் கூரை கட்டுகிறார்கள். எனக்கு இரண்டிலும் மதிப்பு உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் இவை பெரும்பாலும் நகரவாசிகள் வாரக்கடைசிக்கு வந்து தங்கும் தோட்டத்து வீடாகவே முளைத்தன. ஒரு கூட்டத்தில் மண் வீட்டின் குளுமையை ஒருவர் விரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்த வயதான அம்மா சொன்னார்: "நாங்க அதுல இருந்தது போதும்ப்பா. நீங்க கொஞ்ச நாள் இருங்க." அதற்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. இன்னும் இல்லை.

இருந்தாலும் ஒரு கவலை போகவில்லை. கான்கிரீட்டின் காரத்தன்மை இருக்கும்வரை உள்ளே கம்பி துருப்பிடிக்காது. கடலோரத்து உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரில் குழைத்த கலவையும் அந்தக் காப்பை உடைத்துவிடும். துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது தள்ளத் தள்ள, தளத்தின் அடிப்பக்கச் சிமென்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய தொகுப்பு வீடுகளில் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு மேலே பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சுவரின் காலைப் பாட்டி தன் கையால் பூசினாள். உள்ளே அரித்துப்போன கம்பிக்குக் கட்டியவராலும் ஒன்றும் செய்ய முடியாது, குடியிருப்பவராலும் ஒன்றும் செய்ய முடியாது. பழுது பார்க்க என்று ஒரு திட்டம் வந்தால் அதற்கும் மனு எழுதிக் காத்திருக்க வேண்டும். வீட்டுக்கு மூன்றரை லட்சம் கொடுக்கிற அரசு, உப்புக் காற்றடிக்கும் ஊரில் கம்பிக்குக் கீழே எத்தனை அங்குலம் சிமென்ட் வேண்டும், எந்தத் தண்ணீரில் குழைக்க வேண்டும் என்பதை அந்த வீட்டுப் பெண்ணுக்கே சொல்லிக் கொடுத்தால் என்ன? மேஸ்திரியிடம் நின்று கேட்க அவளுக்கு அது போதும்.

போன ஐப்பசியில் அந்த வேதாரண்யம் சாலையில் ஒரு ஊரில் இறங்கினேன். தளத்துக் கம்பிகளுக்கு நடுவே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்த வீடு. மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார் அந்த அம்மா. கூடத்தில் மூன்று இடத்தில் குண்டான் வைத்திருந்தார், சொட்டு விழுந்துகொண்டிருந்தது. எழுதுகிறவர் என்று தெரிந்ததும் மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட பட்டாவை எடுத்து நீட்டினார். பெயரில் எழுத்து சரியாக இருக்கிறதா, பாத்துச் சொல்லுங்க தம்பி. சரியாகத்தான் இருந்தது. திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்து, பெட்டியைப் பழைய இடத்துக்கே தள்ளினார். ஒழுகாத மூலை அந்த வீட்டில் அது ஒன்றுதான்.